காபிக்கொட்டைப் பை தானாக உப்பிவிட்டது, கெட்டுப்போய்விட்டதா?

விடிகாலைவாசி:

நண்பர்களே வணக்கம், காபிக்கொட்டை விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். தூளாக வாங்குவதை விட்டுவிட்டு, கொட்டையாக வாங்கி வீட்டிலேயே அரைக்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போன சனிக்கிழமை, தானே கொட்டை வறுக்கும் நண்பர் ஒருவர் எனக்கு அரை கிலோ கொடுத்தார். அப்போதுதான் வறுத்து ஆறவைத்திருந்தார், கையில் வாங்கும்போது லேசான சூடுகூட இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜிப் வைத்த பையில் கொட்டி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் உள்ளங்கையால் அழுத்தி வெளியே தள்ளிவிட்டு இறுக்கி மூடினேன். மறுநாள் காலை பார்த்தால் பை தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது! திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது. வேறு பொருளாக இருந்தால் யோசிக்காமல் குப்பையில் போட்டிருப்பேன், வாசனை அத்தனை நன்றாக இருந்ததால் மனசு வரவில்லை.

சரி, பார்த்துவிடலாம் என்று அரைத்துப் போட்டேன். வெந்நீர் ஊற்றியதும் தூள் நுரைத்துப் பொங்கி மேலே வந்துவிட்டது. குடித்தால் ஒரு மாதிரி புளிப்பு, சாறே இறங்காதது போல வெறுமையான ருசி. அதே கொட்டை, அதே அளவு தண்ணீர், ஆறு நாள் கழித்துப் போட்டபோது அப்படி ஒரு காபி! புதிதாக வறுத்ததுதானே நன்றாக இருக்க வேண்டும், இது ஏன் தலைகீழாக இருக்கிறது?

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்வி. கறுப்பாக வறுத்தால் காஃபீன் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையா? அப்புறம் மீதிக் கொட்டையை எங்கே வைப்பது? பிரிட்ஜில் வை என்கிறார் ஒருவர், பிரிட்ஜ் பக்கமே போகாதே என்கிறார் இன்னொருவர், ஃப்ரீசர்தான் சரி என்கிறார் மூன்றாமவர். எனக்கு ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைக்கத்தான் ஆசை, பார்க்கவும் அழகாக இருக்கும்.

கொட்டைக்காதலன்:

கெடவில்லை, தைரியமாகக் குடியுங்கள். பையை உப்பவைத்தது கார்பன் டை ஆக்ஸைடு. வறுக்கும்போது கொட்டைக்குள் நடக்கும் வேதிமாற்றங்களில் உருவாகி, அதன் நுண்ணறைகளிலேயே சிக்கிக்கொள்ளும் வாயு அது. வறுத்த கொட்டையின் எடையில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் இந்த வாயுதான் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். உங்கள் அரை கிலோவுக்குக் கணக்குப் போட்டால் குறைந்தது 5 கிராம் வருகிறது, அறை வெப்பத்தில் அது இரண்டரை லிட்டருக்கு மேல். அவ்வளவும் ஒரே நாளில் வந்துவிடாது. முதல் ஓரிரு நாள் வேகமாக வரும், பிறகு மெதுவாக வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். கறுப்பாக வறுத்த கொட்டை அதிகம் விரிந்து துளைகள் பெருகியிருப்பதால் சீக்கிரம் வெளியே விட்டுவிடும், இளம் வறுவல் இறுக்கமானது, நிதானமாகத்தான் விடும்.

கடைகளில் விற்கும் காபிப் பைகளின் முன்பக்கத்தில் பொத்தான் மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும் பாருங்கள், அதை வாசனை பார்க்க வைத்த ஓட்டை என்றுதான் நானும் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒருவழி வால்வு. உள்ளே இருக்கும் வாயு வெளியே போகலாம், வெளியில் இருக்கும் ஆக்சிஜன் உள்ளே வர முடியாது. அது இல்லாமல் புதுக் கொட்டையை இறுக்கமாக அடைத்தால் உங்கள் பை செய்ததைத்தான் எல்லாப் பையும் செய்யும், சில சமயம் வாயே பிய்ந்துவிடும்.

ருசி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். தூளுக்குள் வாயு நிறைய இருந்தால் வெந்நீர் பட்டதும் குபுகுபுவென்று வெளியே வந்து தண்ணீரைத் தூளுக்குள் இறங்கவிடாமல் தள்ளும். புளிப்பு தருபவை சீக்கிரம் கரைந்துவிடும், இனிப்பும் அடர்த்தியும் கடைசியில்தான் இறங்கும், அதற்குள் தண்ணீர் ஓடிவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கு முதல் நாள் வெறும் புளிப்பு மட்டும் வந்திருக்கிறது. வறுத்த கொட்டையை நான்கைந்து நாளாவது விட்டுவைப்பார்கள், எஸ்பிரெஸோ போடுபவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம்கூடக் காத்திருப்பார்கள். அவசரமென்றால் முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் வெந்நீர் விட்டு முக்கால் நிமிடம் சும்மா இருங்கள், பொங்கி அடங்கட்டும், பிறகு மீதியை ஊற்றுங்கள்.

அந்தப் பொங்கலை வைத்துக் கொட்டையின் வயதையும் ஓரளவு சொல்லிவிடலாம். வெந்நீர் விட்டும் தூள் அசையாமல் சேறு மாதிரி கிடந்தால் அது பழைய சரக்கு.

வாணலிச்சத்தம்:

பத்து வருடமாக வீட்டிலேயே வறுக்கிறேன், அதனால் வறுவல் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று, பச்சைக் கொட்டையை ஒரு தடவையாவது கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். காபி வாசனை துளிகூட இருக்காது, காய்ந்த புல்லும் பச்சைப் பட்டாணியும் கலந்த மாதிரி ஒரு வாசம்தான். நாம் காபி மணம் என்று சொல்வது முழுக்க முழுக்க அடுப்பில் பிறப்பது. கொட்டை என்று சொல்கிறோமே, அது ஒரு சிவந்த பழத்தின் விதை. ஒரு பழத்துக்குள் இரண்டு விதை முதுகைக் காட்டாமல் முகம் பார்த்து ஒட்டியிருக்கும், அதனால்தான் ஒரு பக்கம் தட்டை. எப்போதாவது ஒரு விதை மட்டும் வளர்ந்தால் உருண்டையாக வரும், அதுதான் பீபெரி.

வாணலியில் போட்டதும் முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம், அது போனால்தான் மற்றது. பச்சை வெளுத்து மஞ்சளாகும், அப்போது வைக்கோல் வாசம். பிறகு அது ரொட்டி சுடும் வாசமாக மாறும்போது மெயிலார்டு வினை சூடுபிடித்துவிட்டது என்று அர்த்தம், சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குவது அது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீய் மெயிலார்டு 1912இல் அதை விளக்கியதால் அவர் பெயர். இந்த நேரத்தில் கொட்டையின் மேலிருக்கும் மெல்லிய வெள்ளித்தோல் உரிந்து பறக்க ஆரம்பிக்கும், அடுப்பைச் சுற்றி உமி மாதிரி கிடக்கும், சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் அவ்வப்போது ஊதித் தள்ளிவிட வேண்டும்.

கொட்டையின் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வந்ததும் டப், டப் என்று சுள்ளி முறிவது போல சத்தம் கேட்கும். உள்ளே நீராவியும் வாயுவும் அழுத்தி அழுத்திக் கடைசியில் கொட்டை விரிகிற சத்தம், முதல் வெடிப்பு என்போம். அதற்குப் பின் இளம் வறுவல். விடாமல் போனால் 225 டிகிரி பக்கத்தில் இரண்டாம் வெடிப்பு, அது பட்பட்டென்று மெலிதாக, வேகமாக, பாலில் போட்ட சோளப்பொரி மாதிரி கேட்கும். அங்கே கொட்டையின் சுவரே உடைகிறது, உள்ளிருக்கும் எண்ணெய் மேலே வருகிறது. கறுப்பு வறுவலில் பளபளவென்று மினுங்குவது அந்த எண்ணெய்தான். பளபளப்பைப் பார்த்து புதுசு என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய, ஆனால் வெளியே வந்த எண்ணெய் நேராகக் காற்றில் படுவதால் சீக்கிரம் காறிப்போகும். நடு வறுவல் கொட்டை வாங்கும்போது மங்கலாக இருந்து, பிறகு பளபளக்க ஆரம்பித்தால் அதற்கு வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காஃபீன் கேள்விக்கு வருகிறேன். காஃபீன் வறுவலில் பெரிதாக அழிவதில்லை, ஒரு கொட்டையில் இருந்தது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மாறுவது எடையும் பருமனும்தான். இளம் வறுவலில் எடை 12 சதவீதம் போல குறையும், நன்றாகக் கறுத்தால் 20 சதவீதம் வரை போகும், பருமனோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஊதிவிடும். ஆக, தராசில் நிறுத்துப் போட்டால் கறுப்பு வறுவலில் காஃபீன் ஒரு மயிரிழை அதிகம், கரண்டியால் அளந்து போட்டால் இளம் வறுவலில் அதிகம். இரண்டு பேரும் சொல்வது சரி, அளக்கும் முறைதான் வேறு! உண்மையிலேயே காஃபீனைக் கூட்டிக் குறைப்பது கொட்டையின் இனம். ரோபஸ்டாவில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும்.

கசப்பாக இருக்கிறதே, அப்போது காஃபீன்தானே என்று கேட்பார்கள். காபியின் கசப்பில் காஃபீனின் பங்கு கொஞ்சம்தான். பச்சைக் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலங்கள் நிறைய உண்டு, வறுக்க வறுக்க அவை உடைந்து கசப்பான பொருள்களாக மாறுகின்றன, பெரும்பங்கு அதனால். புளிப்பு குறைந்து கசப்பு ஏறுவதும் அதனால்தான். இதே சூட்டில் டிரிகோனெலின் என்ற இன்னொரு பொருள் சிதைந்து, அதில் ஒரு பகுதி வைட்டமின் பி3 ஆகிறது. பொதுவாகச் சூடு வைட்டமினை அழிக்கும், இங்கே உண்டாக்குகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

நிலாத்திண்ணை:

வாணலிச்சத்தம் அண்ணா, அந்தச் சத்தத்தை எழுத்திலேயே கேட்க வைத்துவிட்டீர்கள்.

சேமிப்பு பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் ஒரு வருடம் நிறையக் கொட்டையை வீணாக்கியிருக்கிறேன். விடிகாலைவாசி, அந்தக் கண்ணாடி ஜாடி ஆசையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். வறுத்த கொட்டைக்கு ஆகாதவை காற்று, ஈரம், சூடு, வெளிச்சம். கண்ணாடியில் வெளிச்சம், அடுப்புக்கு மேலே சூடும் ஆவியும், பெரிய ஜாடியென்றால் பாதி காலியானதும் மீதிப் பாதி முழுக்கக் காற்று. நான்கையும் ஒரே இடத்தில் கூட்டிவைத்த மாதிரி.

வீடெல்லாம் காபி மணக்கிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அது கொட்டையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் மணம். வறுத்த காபியில் எண்ணூறுக்கு மேற்பட்ட ஆவியாகும் பொருள்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் காபி என்று நம் மூக்கு உடனே அடையாளம் காண்பது கந்தகம் கலந்த சில பொருள்களை, முக்கியமாக ஃபர்ஃபியூரைல் தயோல் என்ற ஒன்றை. மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும், ஆனால் ஆக்சிஜன் பட்டால் தாங்காது. 1920களில் காபி மணத்தைப் பிரித்து ஆராய்ந்த ஸ்டாடிங்கர், ரைக்ஸ்டைன் இருவருமே பிற்காலத்தில் வேறு வேறு வேலைகளுக்காக நோபல் பரிசு வாங்கினார்கள்.

பிரிட்ஜ் வேண்டாம். அங்கே ஈரம் உண்டு, பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றின் வாசனையும் உண்டு, கொட்டையோ ஓட்டை நிறைந்த பஞ்சு மாதிரி, இரண்டையும் இழுத்துக்கொள்ளும். தினமும் வெளியே எடுத்துத் திறந்தால் குளிர்ந்த கொட்டை மேல் ஈரம் பூக்கும், திரும்ப உள்ளே வைப்பீர்கள், மறுநாளும் அதே. இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும் என்றால் ஒளிபுகாத, நன்றாக மூடும் சின்ன டப்பாவில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான அலமாரியில் வையுங்கள், போதும்.

அரைத்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. அரைக்கும்போதே வாயுவில் கணிசமான பங்கு போய்விடும், மணமும் அதன் பின்னாலேயே போகும். கொட்டை வாரக்கணக்கில் தாங்குவதை, தூள் நாள்கணக்கில் இழந்துவிடும்.

கொட்டைக்காதலன்:

நிலாத்திண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஃப்ரீசரையும் பிரிட்ஜோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து எழுதுகிறேன். ஃப்ரீசர் வேறு கதை. பெரிய பையாகப் போட்டு தினமும் திறந்தால் பாழ்தான், அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் பலர் ஃப்ரீசரைத் திட்டுகிறார்கள். ஒரு தடவைக்கோ ஒரு வாரத்துக்கோ ஆகிற மாதிரி சின்னச் சின்னப் பொட்டலமாக, காற்றில்லாமல் அடைத்து வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வாயு கசிவதும் எண்ணெய் காறுவதும் எல்லாமே அந்தக் குளிரில் மெதுவாகிவிடும். பெரிய பொட்டலமென்றால் வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் ஈரம் படியும். ஒரு தடவைக்கான அளவு மட்டும் என்றால் எடுத்த கையோடு அப்படியே அரைக்கலாம்.

அப்படி அரைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே கொட்டையை அறை வெப்பத்தில், ஃப்ரீசர் குளிரில், திரவ நைட்ரஜனில் நனைத்து என்று வெவ்வேறு குளிர்ச்சியில் அரைத்துப் பார்த்தார்கள். குளிர்ந்த கொட்டை நொறுங்கும்போது தூள் இன்னும் நுண்ணியதாக, ஒரே சீராக வந்தது. நான் வீட்டில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக அரைக்க ஆரம்பித்தபோது தூள் வழக்கத்தைவிட நைசாக வந்து சாறு இறங்கவே நேரமானது, அரைப்பானை ஒரு படி பருமனாக மாற்ற வேண்டியிருந்தது.

வாணலிச்சத்தம்:

சேமிப்பு என்று பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. ஒரு காலத்தில் கடைகளில் பச்சைக் கொட்டைதான் விற்றார்கள், வறுப்பது அவரவர் வீட்டு வேலை. சீராக வறுக்கத் தெரியாதவர்கள் வீட்டில் பாதி கருகும், பாதி வேகாது. அமெரிக்காவில் ஜான் ஆர்பக்கிள் என்ற வியாபாரி வறுத்த கொட்டையையே பொட்டலமாக விற்கத் துணிந்தார். மணம் போகாமல் இருக்க அவர் கொட்டையின் மேல் முட்டையும் சர்க்கரையும் கலந்த மாதிரி ஒரு பூச்சைப் பூசினார், 1868இல் அதற்குக் காப்புரிமையே வாங்கினார். காற்றுப் படாமல் இருக்க ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு சட்டை! அப்புறம் 1900இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் காற்றை உறிஞ்சி எடுத்த தகர டப்பாவில் வறுத்த காபியை அடைக்க ஆரம்பித்தது.

பச்சைக் கொட்டைக்கு இந்த அவசரம் இல்லை, ஈரமும் சூடும் ஒழுங்காக இருந்தால் ஒரு வருடம்கூட நன்றாக இருக்கும். அதற்குமேல் மெல்ல மெல்ல சாக்கு, காகிதம், காய்ந்த மரம் மாதிரி ருசி ஏறும். ஈரம் அதிகமானால் பூஞ்சை வந்துவிடும், அது ஆபத்து, வறுத்து சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

நிலாத்திண்ணை:

அண்ணா சொன்ன ஈரத்துக்கு நேர் எதிராக ஒன்று. பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார் கரையிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக் கொட்டை உப்பி, வெளிறிய பொன்னிறமாகி, புளிப்பே இல்லாத ருசியோடு போய் இறங்கும். அங்கே அதற்கே நாக்கு பழகிவிட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணம் சுருங்கியது, ருசி மாறிவிட்டதே என்று கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் மழைக்காலக் காற்றில் கொட்டையைப் பரப்பி, கிளறிக் கிளறி, வேண்டுமென்றே அந்த ருசியைக் கொண்டுவருகிறார்கள்.

விடிகாலைவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. காலி ஜாடியைத் திரும்பப் பரணில் எடுத்து வைத்துவிட்டேன். மீதமிருந்த கொட்டையை எட்டுப் பொட்டலமாகப் பிரித்து, தேதி எழுதி, ஒன்றை மட்டும் வெளியே வைத்து மற்றதை ஃப்ரீசரில் போட்டாயிற்று. பிரிக்கும்போதும் அரைக்கும்போதும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, அரைத்த தூள் அரைப்பானின் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டு, தட்டினால் மேசை முழுக்கப் பறக்கிறது. இன்னொன்று, கறுத்த கொட்டைகளுக்கு நடுவில் அங்கங்கே ஐந்தாறு மட்டும் வெளிறிய பழுப்பாக இருக்கிறது. நண்பர் கிளறாமல் விட்டுவிட்டாரோ?

கொட்டைக்காதலன்:

தூள் பறப்பது உராய்வில் வரும் மின்னேற்றம். கொட்டை உடையும்போதும் உரசும்போதும் அது உண்டாகிறது. எரிமலைச் சாம்பலில் மின்னேற்றம் எப்படி வருகிறது என்று படிப்பவர்களும் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் காபி ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2023இல் இதை ஆராய்ந்தார்கள். கொட்டையில் ஈரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு மின்னேற்றம், அரைக்கும் முன் சில துளி தண்ணீர் சேர்த்தாலே பெருமளவு அடங்கிவிடுகிறது, தூள் கட்டிகட்டாமல் வருவதால் எஸ்பிரெஸோவில் சாறும் அடர்த்தியாக இறங்குகிறது என்று கண்டார்கள். ஒரு கரண்டியின் காம்பைத் தண்ணீரில் நனைத்து, அதனால் கொட்டையைக் கிளறிவிட்டு உடனே அரையுங்கள். அன்றைக்கு அரைக்கும் கொட்டைக்கு மட்டும், டப்பாவுக்குள் ஈரம் போகக்கூடாது.

வாணலிச்சத்தம்:

நண்பர் மேல் தப்பில்லை. அவை பழுக்காத பழத்திலிருந்து வந்த விதைகள். உள்ளே சர்க்கரை சேர்வதற்கு முன்பே பறித்துவிட்டதால் எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. பச்சையாக இருக்கும்போது மற்ற கொட்டையிலிருந்து பிரித்துப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம், வறுத்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், காய்ந்த வேர்க்கடலைத் தோலும் காகிதமும் சேர்ந்த மாதிரி இருக்கும். பிறகு பக்கத்தில் இருக்கும் நல்ல கொட்டை ஒன்றைக் கடியுங்கள். ஒரு தடவைக்கான கொட்டையில் இரண்டு மூன்று இருந்தாலே டிகாஷனில் தெரியும், ஃப்ரீசரில் வைத்த பொட்டலங்களை அரைக்கும்போது ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி அவற்றை மட்டும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள், அரை நிமிட வேலை.